ஜோடியாகக் கடலடிக்குப் போகிறீர்களா?

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் தம்பதிகள் ஸ்கூபா என்றதும் மாலத்தீவு விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் முறையா? கொங்கண் கடற்கரையில் உள்ள மால்வண், தார்கர்லி போதும். இரவு கொங்கண் கன்யா எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் குடால், அங்கிருந்து ஆட்டோ. நீச்சல் தெரியாதவரையும் பயிற்சியாளர் கையைப் பிடித்தே இறக்குவார். ஆனால் தண்ணீர் அந்தமான் போலத் தெளிவாக இருக்காது. பவளப்பாறைதான் ஆசை என்றால் பணம் சேர்த்துவைத்து அந்தமானின் ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு) போங்கள். லட்சத்தீவுக்குப் போவதானால் முன்அனுமதி தேவை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கொங்கண் கடல் பக்கமே வேண்டாம். ஆஸ்துமா, காதுவலி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் இறங்கக் கூடாது, காது அடைத்துக்கொள்ளும். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். ரயிலில் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.