டிராக்டர் பாட்டரியின் மறைவான மின்கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

மழை பெய்து நிலம் பதமான மறுநாட் காலையில் டிராக்டரின் சாவியைத் திருப்பினால், 'டிக்' என்னும் ஓசை மாத்திரம் எழுந்து இயந்திரம் அசையாதிருப்பதை விவசாயிகள் பலர் கண்டிருப்பார்கள். ஈரம் காய்வதற்குள் உழவேண்டிய புன்செய்க்காரருக்கும், முறைத்தண்ணீர் வரும் நாளில் சேறடிக்க வேண்டிய நன்செய்க்காரருக்கும் ஒருநாள் தாமதமென்பது சிறிய நஷ்டமன்று. இச்சமயத்தில் அநேகர் பாட்டரி கெட்டுவிட்டதென்று தீர்மானித்துப் புதியதொன்றை வாங்கிப் பொருத்துகிறார்கள். சில வாரங்களில் அதுவும் அவ்வாறே அடங்கிவிடுகிறது. காரணம் யாதெனில், பழுது பாட்டரியில் இல்லாமல், வண்டி நிற்கும்போதும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஏதோவொரு கம்பியிலோ கருவியிலோ இருப்பதுதான். அதைக் கண்டுபிடிக்கும் முறை கடினமானதன்று. டிராக்டருக்கும் காருக்கும் முறை ஒன்றே.

கசிவும் அதன் தீங்கும்

நாம் வழங்கும் ஈயப் பாட்டரியை 1859-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளாண்டே என்பவர் முதன்முதற் செய்தார். நீர்த்த கந்தகத் திராவகத்தில் ஈயத் தகடுகள் அமிழ்ந்திருக்கும் அறைகள் ஆறு சேர்ந்தது 12 வோல்ட்டுப் பாட்டரியாகும். மின்சாரம் செலவாகச் செலவாகத் தகடுகளின்மேல் ஈய ஸல்பேட் என்னும் உப்புப் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். பாட்டரி பல நாள் காலியாகக் கிடந்தால் உப்பு இறுகிக் கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. ஆகவே கசிவானது இன்றைய மின்சாரத்தை மட்டுமன்றிப் பாட்டரியின் ஆயுளையே தின்றுவிடுகிறது.

இயந்திரம் நிற்கும்போது ஓரளவு மின்சாரம் செலவாவது இயல்பே. கடிகாரமும் கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் உள்ள புதுக் கார்களில் 50 மில்லியாம்பியர் வரையில் பொதுவாக ஏற்கத்தக்கது. அத்தகைய பெட்டிகளில்லாத பழைய டிராக்டரில் செலவு ஏறக்குறைய இல்லையென்றே இருக்கவேண்டும். 88 ஆம்பியர்-மணிப் பாட்டரியொன்றை உதாரணமாகக் கொள்வோம். 50 மில்லியாம்பியர் கசிவு நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணியைக் கொள்ளும். பாட்டரி பாதி காலியாக ஒரு மாதத்திற்குமேல் ஆகும். அணைக்கப்படாத 5 வாட் விளக்கொன்று நாளொன்றுக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணியைக் கொள்ளும். நான்கைந்து நாட்களில் பாதி போய்விடும். ஒரு ஆம்பியர் கசிவாயின் இரண்டு நாள் போதும்.

முதலில் பாட்டரியைப் பரீட்சித்தல்

வண்டி கிளம்பாமைக்குப் பாட்டரியின் முதுமை, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பழுது, கசிவு என்னும் மூன்றும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறிந்த பின்னரே கசிவைத் தேடவேண்டும்.

பாட்டரியின் மேற்புறத்தில் ஈரமும் அழுக்கும் சேர்ந்திருந்தால் அவ்வழியாகவே மின்சாரம் ஓடும். ஆகையால் சலவைச் சோடா கரைத்த நீரால், அது அறைகளுக்குள் இறங்காதபடி, துடைத்து உலர்த்துக. மூடி திறக்கும் பாட்டரியாயின் வாலைவடிநீரை அளவுக்கு ஊற்றுக. பிறகு முழுதும் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓயவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கும், 12.2 என்றால் பாதியும், 12.0 என்றால் உத்தேசம் கால் பங்கும் மின்சாரம் உள்ளதென்று கொள்க.

அதன்பின் நெகடிவ் முனையின் கம்பியைக் கழற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவைத்து மறுபடி அளக்க. கம்பி கழன்றிருந்தும் வோல்ட்டு வெகுவாக இறங்கியிருந்தால் குற்றம் பாட்டரியினுடையதே. இறங்காமலிருந்து, கம்பியை மாட்டி வைத்தால் மட்டும் இறங்குமாயின் கசிவு உண்டென்பது உறுதி. இயந்திரம் ஓடுகையில் முனைகளில் 13.8 முதல் 14.5 வரையில் காட்டவேண்டும், 12.6-க்கு மேல் ஏறாவிடில் சார்ஜ் ஏற்றும் பாகத்தைச் சீர்செய்க.

கசிவை அளத்தல்

1. சாவியை எடுத்து, விளக்கு முதலிய யாவற்றையும் அணைக்க. காராயின் கதவுகளை மூடுக. இயந்திர மூடியின்கீழ் விளக்கு இருந்தால் அதையும் கழற்றுக.

2. நெகடிவ் முனையின் கம்பியைக் கழற்றுக. பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் சிலவற்றில் பாஸிடிவ் முனையே வண்டியின் இரும்போடு பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பாஸிடிவ் கம்பியைக் கழற்றுக.

3. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, அதன் ஒரு முள்ளைக் கழற்றிய கம்பியிலும் மற்றொன்றைக் கம்பி இருந்த முனையிலும் சேர்க்க. மின்சாரம் முழுதும் மீட்டர் வழியே செல்லவேண்டும் என்பதே இதன் தாத்பரியம். பாட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஆம்பியர் மீட்டரை ஒருக்காலும் வைக்கலாகாது. மீட்டர் இணைந்திருக்கையில் சாவியைத் திருப்பினாலும் மீட்டரின் பியூஸ் கருகிவிடும்.

4. கணினிப் பெட்டிகளுள்ள வண்டிகளில் அவை உறங்கும் நிலையை அடைய அரைமணி முதல் ஒருமணி வரையில் ஆகலாம். அதற்கு முன் காட்டும் அளவு பொய்யளவாகும்.

மீட்டர் கிடைக்காதவர்கள் அதற்குப் பதிலாக 12 வோல்ட்டுச் சிறு பல்பைச் சேர்க்கலாம். பல்ப் எரிந்தால் பெருங்கசிவு உண்டு. சிறு கசிவை அது காட்டாது.

இடத்தைக் கண்டறிதல்

வாய்க்காலில் நீர் குறையுங்கால் எந்த மடையில் ஒழுகுகிறதென்று காண, மடைகளை ஒவ்வொன்றாக அடைத்து நீர்மட்டத்தைக் கவனிப்போமன்றோ? இங்கும் முறை அதுவே, பியூஸ்களே மடைகள். மீட்டரைப் பார்த்தவண்ணம் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பொருத்திக்கொண்டு வருக. எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, கசிவு அந்த வழியில் உள்ளது. உதாரணமாக 0.85 ஆம்பியர் காட்டிய மீட்டர், பின்விளக்குப் பியூஸை எடுத்ததும் 0.02 ஆகுமாயின், டிரெயிலர் விளக்குக் கம்பியையும் அதன் இணைப்புத் துளைகளையும் ஆராய்க.

அவ்வழியிலுள்ள கருவிகளைப் பின்னர் ஒவ்வொன்றாகக் கழற்றினால் குற்றவாளி அகப்படும். சாதாரணமாகக் காணப்படுபவை: எலி கடித்துத் தோலுரிந்த கம்பி, சேறும் துருவும் ஏறிய டிரெயிலர் இணைப்பு, முனைகள் ஒட்டிக்கொண்ட ரிலே, அணையாத பெட்டி விளக்கு, சாவி வழியன்றி நேரே பாட்டரியில் மாட்டப்பட்ட பாட்டுப்பெட்டி, கைப்பேசிச் சார்ஜர், வண்டியின் இருப்பிடங் காட்டும் கருவி. இவற்றுள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவற்றை முதலிற் சந்தேகித்தல் நலம்.

எந்தப் பியூஸை எடுத்தும் அளவு இறங்காவிடில், ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் ஆராய்க. அவற்றின் பெருங்கம்பிகள் பெரும்பாலும் பியூஸ் பெட்டி வழியே செல்வதில்லை. ஆல்டர்னேட்டரின் உள்ளிருக்கும் டையோடு பழுதானால் இரவு முழுதும் மின்சாரம் பின்னோக்கி ஒழுகும். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்க ஆல்டர்னேட்டர் மட்டும் இளஞ்சூடாயிருப்பது இதற்கு ஓர் அடையாளம். பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பெருங்கம்பியை நீக்கி, அதன் நுனியை ரப்பர் நாடாவாற் சுற்றி, மறுபடி அளந்தால் உண்மை விளங்கும்.

எச்சரிக்கை

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலால் அருகில் பீடி, தீக்குச்சி, பொறி எதுவும் ஆகாது. கைக்கடிகாரம், மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிடுக. திராவகம் உடலிற் பட்டால் ஏராளமான நீரால் உடனே கழுவுக. கண்ணிற் பட்டால் கழுவியபின் வைத்தியரிடம் செல்க. இரும்போடு பிணைத்த கம்பியை முதலிற் கழற்றி, கடைசியில் மாட்டவேண்டும். அடிக்கடி எரியும் பியூஸுக்குப் பதிலாகச் செம்புக்கம்பியைச் சுற்றிவைக்கும் வழக்கம் மிகவும் அபாயகரமானது. தோலுரிந்த கம்பி அவ்வழியாற் பழுக்கக் காய்ந்து, கொட்டகையிலுள்ள வைக்கோலுக்குத் தீ வைத்துவிடக்கூடும்.

பாட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் பொருத்துவது, நெடுநாள் நிற்கும் வண்டிக்கு உபயோகமானதே. ஆயினும் கசிவைத் தேடாமல் ஸ்விட்சை மட்டும் நம்பினால், வண்டி ஓடும்போது பழுதான கம்பி அப்படியே இருக்குமென்பதை மறக்கலாகாது. இயந்திரம் ஓடுகையில் அந்த ஸ்விட்சைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் கெடும்.

ஊராட்சியின் தண்ணீர் வண்டி, குப்பை வண்டி ஆகியவற்றை மேற்பார்வை செய்யும் கிராம அதிகாரிகள், பாட்டரியின் வோல்ட்டையும் நிற்கும்போதுள்ள கசிவையும் மாதமொருமுறை அளந்து வண்டியின் பதிவேட்டில் எழுதச் செய்வது நலம். விவசாயிகள் அறுவடை முடிந்து டிராக்டரை நிறுத்தும் நாளில் ஒருமுறையும், உழவுக்குப் பதினைந்து நாள் முன்னதாக ஒருமுறையும் இப்பரீட்சையைச் செய்துகொள்வார்களானால், பழுதைச் சீர்செய்யப் போதிய அவகாசம் கிடைக்கும். நல்ல பாட்டரியைக் கழித்துப் புதியது வாங்கும் வீண்செலவும் நேராது.