அரிசியை நிறுத்தினால் எடை குறையுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. மூன்று வருசமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை போடுகிறேன். பிரஷருக்கு ஒரு மாத்திரை. எங்கள் வீதியில் ஒரு அக்கா பேலியோ டயட் இருந்து பத்து கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டார். எனக்கும் ஆசையாக இருக்குதுங்க. காலையில் ஐந்து இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் டீயும் முறுக்கும், ராத்திரி நாலு தோசை என்றுதான் சாப்பிடுகிறேன். முட்டை சாப்பிடுவேன். கறி எப்போதாவதுதான், புரட்டாசியில் முட்டையும் கிடையாது. தினமும் பாதாம் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரிசியை விட்டுவிட்டு ராகிக் களியும் கம்மஞ்சோறும் சாப்பிட்டால் போதுமா? தோட்டத்துத் தேங்காய் இருக்கிறது, தாராளமாகச் சேர்க்கலாமா?
— வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: மாவுச்சத்தைக் குறைத்தால் உங்களுக்கு எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். ஆனால் தயவுசெய்து நாளைக் காலையே தொடங்கிவிடாதீர்கள் அம்மா. அதற்கு முன் உங்கள் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் போடும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிற மருந்து. தட்டில் சோறு இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. வழக்கமான சாப்பாட்டைக் கணக்கில் வைத்துத்தான் டாக்டர் அந்த அளவை எழுதியிருப்பார். சோற்றைத் திடீரென்று பாதியாக்கிவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். அந்த நேரத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் சில வாரங்களில் உப்பும் நீரும் சிறுநீரில் கூடுதலாக வெளியேறுவதால் பிரஷரும் இறங்கும். பழைய அளவிலேயே பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றுவது இதனால்தான். ஆகவே உங்கள் டாக்டரிடம், "சோற்றைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை எப்படி மாற்றலாம்?" என்று கேளுங்கள். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். டாபாகிளிஃபிளோசின், எம்பாகிளிஃபிளோசின் போல ‘கிளிஃபிளோசின்’ என்று முடியும் மாத்திரை ஏதாவது உங்கள் சீட்டில் இருந்தால் கடுமையான கீட்டோ உணவுக்குப் போகவே கூடாது. மீட்டரில் சர்க்கரை அளவு சுமாராகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகலாம்.

இனி எடைக்கு வருவோம். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து இட்லியில் சுமார் 60 கிராம் மாவுச்சத்து. மதியச் சோற்றில் நூறு கிராமுக்கு மேல். நாலு தோசையில் ஏறக்குறைய இன்னொரு நூறு. சர்க்கரை போட்ட டீ, முறுக்கு எல்லாம் சேர்த்தால் நாளைக்கு 300 கிராமைத் தொடுகிறது. உங்கள் தட்டில் குறைவது புரதம். இது உங்கள் வீட்டில் மட்டும் இருக்கிற குறை இல்லை. நம் நாட்டுச் சாப்பாட்டின் பொதுக் குறையே இதுதான். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில் பங்கேற்ற 18,090 பேரின் உணவைக் கணக்கிட்டு 2022-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதிலிருந்து மீள, மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 50 சதவீதத்தை ஒட்டியும் புரதம் 20 சதவீதத்தை ஒட்டியும் இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. சோற்றை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதுகிறவரின் கட்டுரைகளும் முகநூல் குழுவும் பேலியோவைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சு நம் ஊர்களில் எழுந்ததை நான் மனதார வரவேற்கிறேன். பேலியோவில் பலருக்குச் சிக்கலாவது, வருசக்கணக்கில் தொடர முடியாமல் போவதுதான். இன்னொன்று, முதல் இரண்டு வாரத்தில் குறைகிற இரண்டு மூன்று கிலோவைக் கொழுப்பு என்று நம்பிவிடுகிறார்கள். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். சேமிப்பு தீர்ந்ததும் அந்த நீர் போய்விடுகிறது. ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் திரும்பியும் வந்துவிடுகிறது. அதனால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் குதூகலிக்கவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம்.

நீண்ட நாள் கணக்கு வேறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மாவுச்சத்தையும் மறு பிரிவினருக்குக் கொழுப்பையும் குறைத்து ஒரு வருசம் பார்த்தது. 2018-ல் வந்த முடிவில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இளைத்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரு தரப்பிலும் சர்க்கரையையும் மைதாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை நோய் உள்ள உங்களுக்கு மாவுச்சத்தைக் குறைக்கும் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். சாப்பிட்ட பின் ஏறுகிற சர்க்கரை அதில்தான் நன்றாக அடங்கும். 300 கிராமை 140 கிராம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் கீழே போக உங்களுக்கு அவசியமில்லை.

ராகியும் கம்பும் அரிசிக்கு மாற்றாகாது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் ராகியில் 67, கம்பில் 62. நார்ச்சத்து கூடுதல், ராகியில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம், அதெல்லாம் உண்மை. ஆனால் இரண்டு உருண்டைக் களி சாப்பிட்டால் சோறு சாப்பிட்டதற்குப் பக்கத்தில்தான் போகும். அதிலும் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். ஒரு சிறு உருண்டை, சோற்றுக்குப் பதிலாக, கீரைக் கடைசலோடு என்றால் சாப்பிடுங்கள்.

தேங்காயில் மாவுச்சத்து குறைவுதான். கலோரி குறைவில்லை, 100 கிராமில் 400-க்கு மேல். ஒரு மூடியைத் தின்றால் ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி உள்ளே போய்விடும். பொரியலுக்குத் தூவ, குழம்புக்கு அரைக்க என்று நாளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் துருவல் போதும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம். அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். சமையலுக்குக் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பாதாம் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். பேலியோவில் சொல்லும் 100 பாதாம் என்றால் சுமார் 700 கலோரி, விலையும் அதிகம். ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையில் உங்களுக்குத் தேவையானது கிடைக்கும்.

காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை, சாம்பாரில் காய் நிறைய. மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதே அளவு கொள்ளுப் பருப்பு அல்லது பச்சைப்பயறு கடைசல், இரண்டு கிண்ணம் பொரியல், ஒரு கிண்ணம் தயிர். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. மாவுச்சத்தும் 57 கிராம் இருப்பதால் கொள்ளைச் சேர்க்கும் நாளில் சோற்றைக் குறைத்தே ஆக வேண்டும். அரிசியும் பருப்பும் சோற்றிலும் இதே விதிதான்: அரிசியைப் பாதியாக்கிப் பருப்பை இரட்டிப்பாக்குங்கள். சாயங்காலம் சர்க்கரையில்லாத டீயும் கடலையும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், விதிவிலக்கு இல்லை. ராத்திரி ஒரு தோசை, கீரை போட்ட ஆம்லெட். கறி எடுக்கும் நாளில் நாட்டுக்கோழிக் குழம்பு தாராளமாக, சோறு ஒரே கரண்டி. புரட்டாசியில் முட்டைக்குப் பதில் வீட்டுப் பாலில் திரித்த பன்னீரோ சோயாவோ சேருங்கள். நாளைக்கு 60 கிராம் புரதம் உங்களுக்கு வேண்டும். இந்தத் தட்டில் அது வந்துவிடும். பீர்க்கை, புடலை, சுரை, அவரை, முருங்கை எல்லாம் உங்கள் உழவர் சந்தையிலேயே கிடைப்பவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்கள். அதற்குள் முட்டையும் பொரியலும் கறித்துண்டும் தீர்ந்து, சட்டியில் மிஞ்சுவது சோறும் ரசமும்தான். மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று அதையும் நீங்களே தின்கிறீர்கள். உங்கள் எடையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் பங்குப் பருப்பையும் காயையும் முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். வீட்டார் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது உங்கள் சிகிச்சையின் பகுதி.

தொடங்கும் முன் கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் இலக்காக 5 கிலோ போதும். அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்கும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு அது 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து அதே சோதனைகளைத் திரும்ப எடுத்து, இரண்டு அறிக்கைகளோடும் எனக்கு எழுதுங்கள்.