அமோனியா கசிவைப் பிடிக்கும் லேசர்: பொருத்துவது எப்படி?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். மூக்குக்குத் தெரியும் முன்பே எச்சரிக்க ஒரு கருவி வேண்டும். அகச்சிவப்பு டயோடு லேசரால் அது முடியும்.

முதலில் அலைநீளம். 1512 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அமோனியா நன்றாக உறிஞ்சும். ஈரப்பதத்தின் குறுக்கீடு அங்கே குறைவு. அதற்கேற்ற, ஒற்றை அலைநீளம் தரும் டிஎஃப்பி வகை லேசரை வாங்குங்கள்.

அடுத்தது சுருதி சேர்ப்பது. வெப்பநிலை 1 டிகிரி மாறினால் அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் நகரும். வீணையில் பிரடையைத் திருகிவிட்டுப் பிறகு விரலால் கமகம் தருவதுபோல, வெப்பநிலையால் அருகே கொண்டுவந்து, மின்னோட்டத்தை ஏற்றி இறக்கி உறிஞ்சும் கோட்டின் மேல் ஓடவிடுங்கள். ஒளியில் ஒரு பகுதியை அமோனியா அடைத்த சிறு கண்ணாடிக் குழாய் வழியே அனுப்புங்கள். அங்கே ஒளி குறையும் இடம்தான் உங்கள் குறி.

கதிர் காற்றினூடே சென்று எதிர்முனையில் உள்ள பிரதிபலிப்பானில் பட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு நேராக்கும்போது கவனம். டிவி ரிமோட்டின் ஒளியைக் காட்டும் செல்போன் கேமராவுக்கும் இந்த ஒளி தெரியாது. அகச்சிவப்பு ஒளி பட்ட இடத்தைக் காட்டும் அட்டையைப் பயன்படுத்துங்கள்; கதிருக்குள் கண்ணை வைக்காதீர்கள்.

பலரும் தவறுவது அளவைப் படிப்பதில்தான். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கருவி காட்டுவது பிபிஎம்-மீட்டர், அதாவது கதிர் கடந்த வழி முழுவதும் இருந்த வாயுவின் கூட்டுத்தொகை. 100 மீட்டர் வழியில் 500 என்று காட்டினால், எங்கும் 5 பிபிஎம் பரவியிருக்கலாம்; ஒரே மீட்டர் அகலத்தில் 500 பிபிஎம் நிற்கவும் கூடும். 8 மணி நேர வேலைக்கு வரம்பு 25 பிபிஎம். 300 பிபிஎம் என்றால் உடனடி உயிராபத்து. ஆகவே 500-ஐ 100-ஆல் வகுத்து நிம்மதி அடையாதீர்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில் குறுகிய கதிர்கள் பலவற்றை வையுங்கள். நீண்ட கதிர் ஆலை எல்லைக்குப் போதும்.

அமோனியா காற்றைவிட லேசானது. ஆனால் திரவமாகப் பீறிட்டால் குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு ஊரும். அதனால் மேலே ஒரு கதிர், முழங்கால் உயரத்தில் ஒரு கதிர் வையுங்கள்.

கடும் பனியிலோ கண்ணாடியில் தூசி படிந்தாலோ திரும்பும் ஒளி குறையும். அப்போது கருவி பூஜ்யம் காட்டக்கூடாது. "பார்வை இல்லை" என்று அலற வேண்டும். வாங்கும் முன்பே அட்டையால் கதிரை மறைத்துச் சோதியுங்கள்.

மாதம் ஒருமுறை, அமோனியா அடைத்த சோதனைக் குழாயைக் கதிரின் குறுக்கே பிடியுங்கள். திரையில் எண் ஏறினால் போதாது, வாசலில் சைரன் ஒலிக்கிறதா என்று ஓர் ஆள் நின்று கேட்க வேண்டும்.