மங்கிய கருமரச் சாமானுக்கு மறு மெருகு

பழைய ஈட்டி, தேக்குச் சாமான்களின் பளபளப்பு மங்கியதும் உப்புத்தாளைத் தேட வேண்டியதில்லை. மேலே இருப்பது என்ன பூச்சு என்று முதலில் தெரிய வேண்டும். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் தொட்டால் பிசுபிசுப்பது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாதது பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது மெலமைன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது.

பழுதுபார்க்கச் சுலபமானது அரக்குதான்; புதுப்பூச்சு பழையதைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். டர்பன்டைன் தொட்ட துணியால் எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்து உலரவிட வேண்டும். சூடான டம்ளர் விட்டுப்போன வெள்ளை வளையம் பூச்சுக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியை நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் மறையும். கறுத்த கறை மரத்துக்குள்ளேயே இறங்கியது, இதற்குப் போகாது. கீறல் வெளுத்துத் தெரிந்தால் முதலில் நிறம், பிறகே பூச்சு.

1 லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 125 கிராம் அரக்குச் செதில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். இரும்பு டப்பாவில் கறுத்துவிடும். வடிகட்டியதை, பஞ்சை உள்ளே வைத்துச் சுருட்டிய பருத்தித் துணியால் மர இழையை ஒட்டி இழுக்க வேண்டும். துணி ஓரிடத்தில் நின்றால் அடிப்பூச்சும் கிளம்பி வரும். கெட்டியாக ஒரு கை பூசுவதைவிட மெல்லிசாக நாலைந்து கை மேல். மழை நாளில் பூசினால் பால் படர்ந்தாற்போல் வெளுக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கவே கூடாது.