"அவளுக்கு என்னா தெரியும்?"

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சாமி, இவ பெரிய மனுஷியாகி ஆறு வருஷமாச்சு. ஆனா கொழந்தப் புள்ள மாதிரி, அவளுக்கு என்னா தெரியும்? விடியக்காலம் நாங்க பால்வெட்டப் போனா லயத்துல தனியாத்தான் கெடக்குறா. கர்ப்பப்பைய எடுத்துட்டா பயமில்லதானே?"

அன்பான பெற்றோரே, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு உடல் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. மாதவிலக்கு வருகிறது, மீசை அரும்புகிறது. ஒருவர்மேல் ஆசை வைப்பதும் அருகிலிருக்க விரும்புவதும் அவர்களுக்கும் உண்டு. அது பாவமுமல்ல, நோயுமல்ல. இறைவன் தந்த மனித இயல்பு. 'குழந்தை' என்று நாம் அன்பினால்தான் சொல்கிறோம். அந்த அன்பே, சொல்லித்தர வேண்டியதைச் சொல்லாமல் விடுவதற்குச் சாக்காகியும் விடுகிறது.

கர்ப்பப்பையை எடுப்பது கருவைத் தடுக்கும்; தீயவனின் கையைத் தடுக்காது. அகப்பட்டுக்கொள்வோம் என்ற அச்சமும் அவனுக்குப் போய்விடும். 1994இல் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், சிரூர் அரசு இல்லத்துப் பெண்கள் பலருக்கு மாதவிலக்குச் சுத்தத்தைக் காரணம் காட்டிக் கர்ப்பப்பையை அகற்றியபோது பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. உலகில் பல நாடுகள் இத்தகையோரைக் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் இயற்றிய காலத்திலேயே, 1930இல், பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தமது சுற்றுமடலில் அதனைக் கண்டித்தார்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நாம் இப்பிள்ளைகளை 'சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை'யாகவே பழக்குகிறோம். யார் கூப்பிட்டாலும் போவாள், யார் தொட்டாலும் சிரிப்பாள். தீங்கு செய்பவன் பெரும்பாலும் தெரிந்தவனே. அவனுக்கு இது போதும். ஆகவே 'வேண்டாம்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுங்கள். உடலுறுப்புகளை அவற்றின் பெயர் சொல்லியே, சிறு சிறு வாக்கியங்களில், நாள்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இது உன்னுடையது, யாராவது தொட்டால் அம்மாவிடம் சொல், சொன்னால் அடிக்கமாட்டேன். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். நாலுபேர் முன்னால் தன் உறுப்பைத் தொடும் பையனையும் அடிக்காதீர்கள்; அது பலர் பார்க்கச் செய்வதல்ல என்று சொல்லுங்கள். ஒற்றை அறையிலும் பீலிக்கரையிலும் மறைவு ஏது என்பீர்கள். ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினாலும் பிள்ளை புரிந்துகொள்ளும்.

'கல்யாணம் கட்டிவைத்தால் சரியாகிவிடும்' என்போரும் உண்டு. சரியாகாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1057ஆம் பிரிவில், மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அதனை வேறு எவரும் அவர்களுக்காகத் தர முடியாது என்கிறது. பெற்றோரும் தர முடியாது. ஆனால் குறைபாடுள்ள எவருக்கும் திருமணமே இல்லையென்று திருச்சபை சொல்லவில்லை. திருமணம் இன்னதென்று விளங்கி, அதன் கடமைகளைத் தாங்கக்கூடியவர் மணம் முடிக்கலாம். பங்குத்தந்தை அவரிடமே பேசி அறிய வேண்டும், தரகரிடமல்ல.

தீங்கு நேர்ந்துவிட்டால் மானம் போகுமென்று மூடிவைக்காதீர்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனக் குறைபாடுள்ள பெண்ணை வன்புணர்ந்தவனுக்கு 10 முதல் 20 ஆண்டுவரை கடூழியச் சிறை. பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.

அந்தத் தாயைச் சில மாதங்களின் பின் பூசை முடிந்து வருகையில் கண்டேன். "சாமி, இப்ப தலைவாரப் போனாலும் என்கிட்டயே 'வேணாம்'ங்கிறா" என்று முறையிட்டார். முகத்தில் கோபம் இல்லை.