மனைகட்டலும் தீக்காப்பும்

பெரும்பாணாற்றுப்படை என்பது தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல். கச்சி மாநகர்க்குச் செல்லும் பாணனுக்கு வழிகாட்டும் அந்நூலுள் புலவர் இடைவழியிலுள்ள வீடுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கின்றார். எயினர் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டது. முல்லைநிலத்துச் சிற்றூர் வீடுகள் வரகு வைக்கோலால் வேயப்பட்டன. கடற்கரையில் மரக்கலங்களுக்குத் துறைகாட்ட இரவில் தீயேற்றிய உயர்ந்த மாடமோ வேயப்படாதது. இவ்வேறுபாடு சிறிதாயினும் கருதத்தக்கது. தீ நிலைத்து நிற்கும் இடத்திற்கு ஓலையும் வைக்கோலும் ஆகா என்பதை அந்நாளையோர் நன்கு உணர்ந்திருந்தனர் என இதனாற் கொள்ளலாம். தீக்காப்பு என்பது தீப்பற்றியபின் தொடங்குவதன்று. மனைக்கு முளையடிக்கும் நாளிலேயே தொடங்குவது. இதுவே ஈண்டு யாம் கூறப் புகுந்த பொருள்.

காஞ்சிபுரத்திலும், அதனைச் சூழ்ந்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களிலும் நெசவாளர்க்கு வீடே தொழிற்சாலை. உறங்குமிடமும் தறியிருக்குமிடமும் ஒன்றே. பட்டு எளிதில் தீப்பற்றுவதன்று. பற்றினும் மெல்லக் கருகி, சுடரை நீக்கிய அளவில் தானே அவியும் இயல்பினது. ஆயின் அதனைத் தாங்கும் தறி மரத்தாலாயது. மேலுள்ள கூரையோ பல இடங்களில் கீற்றாலாயது. எரியும் கூரை தறிமேல் வீழ்ந்தால் பட்டின் இயல்பு யாது பயன் தரும்? பாவும் சரிகையும் பெரும்பாலும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ பெற்றவை. ஆதலின் ஒரு நாழிகைத் தீ வீட்டை மட்டும் கொள்வதன்று. பல திங்கள் உழைப்பையும் கொண்டு, கடனையும் வைத்துச் செல்வது.

நகரில் இடம் நெருங்கியமையால் ஊர்ப்புறத்தில் மனைகோலுவோர் இந்நாளில் பலர். ஆண்டுச் சீமைக்கருவேலும், கோடையில் காய்ந்த புல்லும் மனையெல்லை வரை வந்து நிற்கும். எவனோ எறிந்த பீடித் துண்டு, குப்பைக்கு இட்ட தீ, அறுவடைக்குப்பின் வயலில் வைத்த நெருப்பு, இவற்றுள் யாதாயினும் போதும். சுடரே வந்து வீட்டைத் தொடவேண்டுவதில்லை. காற்றிற் பறக்கும் பொறியே கூரையிற் புகுந்து கனியும். 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் 173 பேர் மாண்ட பெருங்காட்டுத் தீயில், தீமுகத்திற்கு நெடுந்தூரம் முன்னரே பறந்த பொறிகள் புதுத்தீயை மூட்டின. நம் ஊர்த் தீ அத்துணைப் பெரிதன்று. ஆயினும் பொறியின் இயல்பு எங்கும் ஒன்றே.

இனி, மனைகட்டுவோர் கருதவேண்டுவன சிலவற்றைக் கூறுவாம்.

முதலாவது காற்று. தமிழில் கோடை என்னும் சொல் வேனிற்காலத்தையும் மேல்காற்றையும் ஒருங்கே குறிக்கும். வெப்பமும் அக்காற்றும் உடன்வருதலின், வைக்கோற்போரையும் விறகையும் வறட்டியையும் வீட்டிற்கு மேற்கே அடுக்குதல் தீது. மனைநூலார் அடுக்களைக்கு வகுத்த தென்கிழக்கு மூலை மேல்காற்றுக்குப் பொருந்துவதே. எனினும் பிற்பகலிலும் மாலையிலும் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். ஆதலின் திசையை மட்டும் நம்பாது, தூரத்தையும் காப்பாகக் கொள்க.

இரண்டாவது கூரை. பொருள் உடையோர் ஓடோ தளமோ இடுக. இயலாதோர் அடுக்களையையேனும் தனியே பிரித்து, அதற்கு மட்டும் ஓடிடுக. காஞ்சி ஏகம்பம் ஐம்பூதத் தலங்களுள் மண்தலம் எனப்படும். மண்ணே தீயை அடக்கும் எளிய பொருளும் ஆம்; சுவரும் ஓடும் மண்ணே.

மூன்றாவது முற்றம். வீட்டைச் சுற்றிலும் சருகும் புல்லுமின்றி வெறுந்தரை இருத்தல் வேண்டும். கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்துவோர் அதனைத் திறந்த வெளியில் நட்டு, மக்களை விலக்கி நிறுத்துகின்றனர். ஒருநாட் சடங்கிற்குக் காட்டும் அவ்வறிவை ஆண்டு முழுவதும் வீட்டிற்குக் காட்டுதல் அரிதன்று.

நான்காவது கருவி. நிறைந்த தொட்டி, மணல் வாளி, ஏணி, எரியும் கீற்றை இழுத்துத் தள்ளத் துறட்டுக்கோல் என்பன கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். தறியறைக்கு இரண்டு வாயில்கள் வேண்டும். ஒன்றைத் தீ மறைப்பின் மற்றொன்று உயிர்வழி. தீயணைப்பு நிலையத்தை 101 என்னும் எண்ணில் அழைக்கலாம் என்பதைச் சிறுவரும் அறிதல் நலம்.

நிற்க. ஏழை கீற்று வேய்வது அறியாமையாலன்று, வறுமையாலேயாம். எனவே, 'ஓடிடுக' என்று அறிவுரை கூறி அமைதல் போதாது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரை வழியே பரவி 94 குழந்தைகளைக் கொண்டது. அதன்பின்னரே பள்ளிகளிற் கீற்றுக்கூரையை நீக்க அரசு முனைந்தது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க 2010இல் ஒரு திட்டம் எழுந்தது. 2024இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாயும், 2030க்குள் 8 இலட்சம் வீடுகளும் என வகுத்தது. விண்ணப்பம் எழுத அறியாத குடும்பத்திற்கு இவற்றை எடுத்துரைத்து எழுதித் தருதல் கற்றார் கடன்.

வருமுன் காவாதான் வாழ்விற்கு வள்ளுவர் தீயின்முன் வைத்த வைக்கோற்போரை உவமை கூறினார். புதுவீடு கட்டுவோன் மேல்மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கின்றது. கட்டாவிடின், விழுந்து இறந்தவன் இரத்தப்பழி அவ்வீட்டின் மேலதாம். வள்ளுவர் கூறியது தன்காப்பு. மோசே விதித்தது பிறர்காப்பு. தீக்கு இவ்விரண்டும் ஒன்றே. அடுத்தடுத்துக் கீற்று வேய்ந்த தெருவில் ஒருவன் அசட்டை அயலான் தறியையும் எரிக்கும்.

விடுமுறையில் ஊர்செல்லும் நண்பர்காள்! நும் வீட்டின் மேற்புறத்தே வைக்கோற்போர் நிற்குமாயின், சித்திரை வெயில் முதிருமுன் அதனை இடம் மாற்றுமின். அண்டை வீட்டாருக்கும் கைகொடுமின். ஒருநாள் வேலையே அது.