மிட்டுவின் மணி

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில், அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் அந்தக் குடும்பம் வாழ்ந்து வந்தது. அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் பணி. அக்காள் ஏழாம் வகுப்பிலும் தம்பி மூன்றாம் வகுப்பிலும் படித்தனர். தில்லிக் குளிர் உடம்புக்கு ஆகாது என்று எல்லாரும் தடுத்தும் கேளாமல், பேரப்பிள்ளைகளைக் காணும் ஆவலில் திருவாரூரிலிருந்து பாட்டியும் வந்திருந்தார்.

அவ்வீட்டில் ஆறாவதாக ஓர் உயிரும் இருந்தது. அதன் பெயர் மிட்டு. கடைத்தெருவில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜெரிகர் இனத்துச் சிறு கிளி அது. நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பட்ஜெரிகரோ ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்டது. இங்கே விற்கப்படுபவை கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. மிட்டு 40 கிராம் எடைகூட இராது. ஒரு கோழிமுட்டை அதைவிடக் கனமானது. ஆனால் அது எழுப்பிய ஓசையோ வீட்டையே நிறைத்தது. கூண்டினுள் ஒரு சிறு பித்தளை மணி தொங்கியது. நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அம்மா கூண்டின் மேல் போர்த்திய துணியை எடுத்தவுடன், மிட்டு அம்மணியை அலகால் தட்டும். தம்பி எழுந்திருப்பதற்கு அதுவே அடையாளம்.

மிட்டுவைப் பேணும் பொறுப்பு அக்காளுடையது. தினை வைப்பதும், நீர் மாற்றுவதும், கூண்டின் அடியில் செய்தித்தாள் விரிப்பதும் அவள் வேலை. ஓராண்டுக் காலம் ஒரு நாளும் அவள் தவறியதில்லை.

சனவரி மாதத்தில் ஒரு நாள். நான்கு நாள் மூடுபனிக்குப் பின் அன்றுதான் வெயில் தலைகாட்டியது. பிற்பகலில் அவள் கூண்டைப் பால்கனியில் வைத்துவிட்டு விளையாடச் சென்றாள். திரும்பியபோது இருட்டிவிட்டது. வீட்டுக்குள் கதவும் திரையும் மூடியிருந்தன. ஹீட்டரின் அருகே அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கியவள், ஒன்பது மணிக்குத்தான் கூண்டை நினைத்தாள். ஓடிச் சென்று கதவைத் திறந்தாள். மிட்டு இறகுகளை உப்பிக்கொண்டு பந்துபோல் அமர்ந்திருந்தது. அம்மா சமையலறையில் இருந்தார். பாட்டி கம்பளிக்குள் உறங்கிவிட்டார். அப்பா இன்னும் வரவில்லை. அவள் ஓசையின்றிக் கூண்டை உள்ளே கொண்டுவந்து துணியைப் போர்த்தினாள். யாரிடமும் எதுவும் கூறவில்லை.

மறுநாள் காலை மணியோசை கேட்கவில்லை. மிட்டு கூண்டின் தரையில் கிடந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன.

செங்கோட்டைக்கு எதிரே சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம் என்று அப்பா முதலில் எண்ணினார். மூடுபனியில் அவ்வளவு தொலைவு செல்ல அஞ்சி, அருகிலிருந்த கால்நடை மருத்துவரிடமே சென்றனர். மருத்துவர் மிட்டுவை உள்ளங்கையில் ஏந்தி, மார்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “நேற்றிரவு குளிரில் இருந்ததா?” என்று கேட்டார்.

“இல்லை. நாங்கள் பொழுது சாயுமுன்பே உள்ளே எடுத்துவிடுவோம்” என்றார் அப்பா.

அவள் தலைகுனிந்து நின்றாள். உண்மையைக் கூற வாய் எழவில்லை. அவளைக் காத்திருப்போர் இருக்கையில் அமரச் சொல்லிவிட்டு, அப்பா மருத்துவருடன் சிறிது நேரம் பேசினார். வெதுவெதுப்பாக வைத்திருக்கும்படி கூறி, மருத்துவர் சொட்டு மருந்து தந்தார். அட்டைப்பெட்டியில் பருத்தித்துணி விரித்து, விளக்கின் அருகே மிட்டுவை வைத்தனர். மாலை நான்கு மணிக்கு அது இறந்தது. குடியிருப்பின் பின்புறம் வேப்பமரத்தடியில் அப்பா ஒரு சிறு குழி தோண்டினார். தம்பி வாய்விட்டு அழுதான். அவள் அழவில்லை.

இரண்டு நாள்கள் சென்றன. அவளுக்கு உணவு செல்லவில்லை. “ஒரு குருவிக்காகவா இவ்வளவு துயரம்? வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே” என்று பக்கத்து வீட்டு அம்மையார் ஆறுதல் கூறினார். அன்பால் கூறியதே எனினும், அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. மனிதர் இறந்தால் உறவினர் கூடுவர். பள்ளிக்கு விடுப்பு உண்டு. அழுதால் யாரும் வியப்பதில்லை. சின்னஞ்சிறு பறவைக்காக அழுபவர் தனியாகத்தான் அழ வேண்டியுள்ளது. அதனுடன் குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டால் பாரம் இரட்டிப்பாகிறது. வளர்ப்பு உயிர் தன் உணவுக்கும் நீருக்கும் வெப்பத்துக்கும் வளர்ப்பவரையே நம்பியிருக்கிறது. தனக்கு நோகிறது என்று சொல்லவும் அதற்கு மொழியில்லை. ஆகவே அது இறந்தபின், ‘அப்போதே கண்டிருக்க வேண்டாமா?’ என்று மனம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இன்று தெரிந்த ஒன்று அன்று தெரியாது என்பதை அந்த மனம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் இரவு பாட்டியின் அருகே படுத்திருந்தவள் திடீரென்று கேட்டாள்:

“பாட்டி, திருவாரூரில் கோயிலருகே ஒரு கல்தேர் காட்டினீர்களே, அந்த இளவரசன் கன்றைப் பார்க்கவே இல்லைதானே?”

கோடை விடுமுறையில் காட்டிய கல்தேர் அது. மனுநீதிச் சோழன் மகன் தேரில் சென்றபோது பசுங்கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்ததையும், தாய்ப்பசு அரண்மனை வாயில் மணியைக் கொம்பால் அசைத்து நீதி கேட்டதையும், அரசன் தன் மகன்மீதே தேரைச் செலுத்தியதையும் பாட்டி அப்போது கூறியிருந்தார். பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்துரைத்த வரலாறு அது.

“பார்க்கவில்லைதான் அம்மா. கன்று துள்ளி ஓடிவந்து சக்கரத்தின் இடையே புகுந்துவிட்டது.”

“அந்தப் பசு மணியை அடித்தது. மிட்டுவின் கூண்டிலும் மணி இருந்தது, பாட்டி. அன்றிரவு அது அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் நான் ஓடிப் போயிருப்பேன்.”

பாட்டி எழுந்து அமர்ந்தார். அவள் எல்லாவற்றையும் கூறினாள். மூன்று மணி நேரக் குளிரையும், மருத்துவரிடம் வாய் திறவாமல் நின்றதையும் கூறினாள். அப்போதுதான் முதன்முதலாக அழுதாள்.

‘உன்மேல் தவறே இல்லை’ என்று பாட்டி கூறவில்லை. அவ்வாறு கூறியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் மாட்டாள்.

“கூண்டை மறந்தது உன் பங்குதான். மருத்துவரிடம் சொல்லாததும் உன் பங்குதான். அதற்கு மேல் எவ்வளவு உன் பங்கு என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருத்துவர் என்ன சொன்னார் என்பது உன் அப்பாவுக்குத்தான் தெரியும். போய்க் கேள்.”

“அந்த இளவரசனுக்குத் தேர்க்கால் தண்டனை கிடைத்ததே, பாட்டி.”

“அது அரசன் வழங்கிய நீதி. இங்கே உனக்கு நீயே அரசனாக இருந்து இரண்டு நாளாய்ப் பட்டினி போடுகிறாய். வழக்கை முழுதும் கேளாமலே தீர்ப்பா?”

அப்பா கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மகள் கூறியதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். “அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் அம்மா” என்றார். அவர் குரலில் சினம் இல்லை, வருத்தம் இருந்தது. பிறகு, மருத்துவர் தம்மிடம் கூறியதை அவளிடம் கூறினார். மிட்டுவின் மார்பெலும்பு கத்தியின் விளிம்புபோல் துருத்தியிருந்ததாம். மார்புத்தசை கரைந்தால்தான் அப்படித் தோன்றும். அது ஓரிரவில் நேர்வதன்று. பல நாள்களாகவே அதற்கு உள்நோய் இருந்திருக்க வேண்டும். கூட்டமாக வாழும் சிறு பறவைகள் நோயை மறைத்துக்கொள்ளும்; தளர்ந்து காணப்படும் பறவையையே பருந்து முதலில் குறிவைக்கும் அல்லவா? அடர்ந்த இறகுகள் உடல் மெலிவையும் மறைத்துவிடும். வளர்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். பறவையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். சிற்றுடல் வெப்பத்தை விரைந்து இழக்கும். நலமாக இருந்திருந்தால் அக்குளிரை மிட்டு தாங்கியிருக்கக்கூடும். நோயுற்ற உடலுக்கு அது கூடுதல் சுமையே.

“நான் சொல்லியிருந்தால் வேறு மருந்து தந்திருப்பாரா, அப்பா?”

“வெதுவெதுப்பாக வைக்கத்தான் சொல்லியிருப்பார். அதைத்தான் நாமும் செய்தோம்.”

கதவோரத்தில் நின்றிருந்த தம்பி அப்போது விம்மத் தொடங்கினான். “நான்தான் மிட்டுவுக்குச் சிப்ஸ் கொடுத்தேன். உப்பு கூடாது என்று அக்கா சொல்லியும் கொடுத்தேன்” என்றான். ஒரு சிறு துண்டுதான். அதுவும் பொங்கலுக்கு முன்பு. இதைக் கேட்ட அம்மா சமையலறையிலிருந்து வந்தார். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அடுப்பில் அளவுக்குமேல் சூடேறினால் அதன் புகை பறவைகளைக் கொல்லும் என்பதை அவர் எங்கோ படித்திருந்தார். போன வாரம் தோசைக்கல் காய்ந்து புகைந்ததே, அதனால்தானோ என்று மூன்று நாளாக மருகிக்கொண்டிருந்தாராம். அப்புகை மூச்சைத் தாக்கினால் பறவை சிறிது நேரத்திலேயே இறந்துவிடும், ஒரு வாரம் கழித்தன்று என்று அப்பா விளக்கினார். ஒரே கூரையின் கீழ் மூவர், ஒருவருக்கொருவர் தெரியாமல், மிட்டுவைக் கொன்றவர் தாமே என்று எண்ணியிருந்தனர்.

அன்றிரவு அவள் பாட்டி பிசைந்து தந்த தயிர்ச்சோற்றை உண்டாள். பாதிதான் உண்டாள். கூண்டிலிருந்த மணியைத் தம்பி கேட்டான். அவள் கழற்றித் தந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா வழக்கம்போல் கூண்டின் அருகே சென்று துணியை எடுத்தார். எடுத்த பிறகே நினைவு வந்தது. சிறிது நேரம் நின்றுவிட்டு, துணியை நான்காக மடித்து அலமாரியில் வைத்தார்.

பயிற்சிகள்

அ. பொருள் அறிக
பேணுதல் – பாதுகாத்தல். அலகு – பறவையின் மூக்கு. மருகுதல் – மனத்துள் வருந்துதல். விம்முதல் – தேம்பி அழுதல்

ஆ. பிரித்து எழுதுக
மார்பெலும்பு, குற்றவுணர்வு, மணியோசை, வேப்பமரத்தடி

இ. விடை எழுதுக
1. சிறு பறவைகள் தம் நோயை ஏன் மறைத்துக்கொள்கின்றன?
2. ‘உன்மேல் தவறே இல்லை’ என்று பாட்டி ஏன் கூறவில்லை?
3. தம்பியின் அச்சம், அம்மாவின் அச்சம், அக்காளின் அச்சம் ஆகிய மூன்றும் ஒரே தன்மையனவா? வேறுபாடு இருப்பின் எழுதுக.

ஈ. எழுதிப் பார்க்க
அக்காள் அம்மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுத விரும்புகிறாள். அவள் எழுதுவதாகக் கொண்டு பத்து வரிகளில் அக்கடிதத்தை எழுதுக.